சந்திரனில் மாடு அகற்றும் திகதி

1

சென்ற கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். சந்திரனிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டும் என்று உலக நாடுகள் ஒருமனதாகத் தீர்மானித்து ஒரு வருடம் நிறைவாகிறது. கேக்கின் மேல் வெள்ளைச் சீனியில் சந்திரன், அதன்மேல் சொக்லட்டில் ஒரு மாடு, மாட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கூட்டத் தலைவர் கத்தியை எடுத்து மாட்டின் பின்னங்காலில் தொடங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்த மாட்டைச் சந்திரனில் ஏற்றியவள் நான்தான் என்பது அந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கு மட்டும் தெரியும்.

நான் ஏற்ற நினைத்தது மாட்டை அல்ல, ஒரேயொரு வரியை. தண்ணீர் முதலில் கடைசி வயலுக்குப் போக வேண்டும் என்ற வரி அது. அந்த வரி நிறைவேறியிருந்தால் ஊரில் என் காக்காவின், அதாவது அண்ணனின், வயலுக்கு இந்தச் சிறுபோகம் தண்ணீர் கிடைத்திருக்கும். சந்திரனைப் பற்றி சுவிஸில் எழுதுகிற ஒரு வரிக்கும் இலங்கையின் கிழக்கில் சாய்ந்தமருதுக்காரன் ஒருவனின் வயலுக்கும் என்ன தொடுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

பேர்ன் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடம். இங்கே ஒரு சிறிய சர்வதேசச் செயலகம் இருக்கிறது. நாடுகள் சந்திரனுக்குப் போய்ச் சண்டை பிடிக்காமலும், அதைப் பழுதாக்காமலும், இருப்பதை ஒரே தலைமுறையில் அள்ளி முடிக்காமலும் நடந்துகொள்வது எப்படி என்று பேசுவதுதான் அதன் வேலை. அதன் பெயரைச் சொன்னால் இந்தக் குறிப்பில் பாதி அதற்கே போய்விடும். அங்கே ஆவணப் பிரிவில் நான் எழுதுவினைஞர். என் மனுசன் ஊரில் கேட்பவர்களுக்கு, "அவ சந்திரன்ட கச்சேரியில வேல செய்றா" என்று சொல்லிவைத்திருக்கிறார். கச்சேரி என்றால் எங்கள் ஊரில் அரசாங்க அலுவலகம். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

இந்த வேலையை விளங்கப்படுத்துவது இங்கேயும் லேசில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் ஒவ்வொரு முறையும் கவுண்டரில் இருக்கும் அம்மணி, "உங்கள் தொழில் எந்தத் துறை?" என்று கேட்பார். "சந்திரனில் உள்ள தண்ணீர்" என்பேன். என் ஜெர்மன் மொழியில்தான் பிழை என்று நினைத்து, மெதுவாக, சத்தமாக, திரும்பவும் கேட்பார். நானும் மெதுவாக, சத்தமாக, அதையே சொல்வேன். கடைசியில் 'சுகாதாரமும் குடிநீரும்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு அனுப்புவார். பதினான்கு வருடமாக நான் சுவிஸ் அரசாங்கத்தின் கணக்கில் குழாய்த் தண்ணீர்க்காரி.

உண்மையில் விசயம் பெரிதாக ஒன்றுமில்லை. சந்திரனின் தென் துருவத்தில் வெயிலே படாத பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் பனிக்கட்டி. குடிக்கவும் அதுதான், பிரித்தெடுத்து எரிபொருளாக்கவும் அதுதான். பக்கத்தில் அதிக நாள் வெயில் நிற்கும் மேடுகள் சில உண்டு. எல்லோருக்கும் அதே மேடும் அதே பள்ளமும்தான் வேண்டும். சந்திரன் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று முந்தியே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் தண்ணீரை யார் முதலில் எடுப்பது, எவ்வளவு எடுப்பது, ஒருவர் இறங்கும்போது கிளம்பும் தூசி மற்றவரின் இயந்திரத்தில் விழுந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் தெளிவாக எழுதப்படவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதை ஒரு விஞ்ஞானி படம் போட்டு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பத்தாவது நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது நொச்சியடி வட்டை.

3

எங்கள் ஊர் வயல்வெளியான நொச்சியடி வட்டையில் எங்கள் வாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருக்கிறது. வாய்க்காலின் கடைசி வயல் அது. அதற்கு அப்பால் பற்றைக்காடு. குளத்தில் திறக்கிற தண்ணீர் மேலே இருக்கிற வயல்களெல்லாம் குடித்து, வரம்பு தளும்பி, அவர்கள் சலித்துப் போன பிறகு எங்கள் வயலுக்கு வர வேண்டும். வாய்க்காலில் யாரும் சலித்து நான் பார்த்ததில்லை. பெரும்போகம் மழையில் சமாளிக்கும். சிறுபோகம் வாய்க்காலை நம்பித்தான்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். அதிகாரிகள், பொறியியலாளர், விவசாயிகள், அந்தந்த வட்டையின் தண்ணீரையும் வேலியையும் பார்ப்பதற்கென்று விவசாயிகளே தெரிந்தெடுத்த வட்டை விதானைமார் எல்லோரும் வருவார்கள். வாய்க்கால் துப்புரவாக்கும் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பின் கடைசித் திகதி என்று ஒவ்வொன்றாகக் கை தூக்கி முடிவெடுப்பார்கள். கலியாணத்துக்கு முன் கச்சேரியில் வேலை செய்த ஒன்பது வருடமும் அந்தக் கூட்டங்களின் அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். பொறியியலாளருக்கு ஆங்கிலப் பிரதியும் நான்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு மொழியிலும் ஒப்புவிப்பேன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் வாப்பா எழும்பி, "முதல் தண்ணி கடைசி வயலுக்குப் போகட்டும், அங்கயிருந்து மேல வாங்க, அப்பதான் எல்லாருக்கும் கிடைக்கும்" என்பார். நான் அதற்கு நேரே 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று அடிப்பேன். என் வாப்பாவின் பேச்சை என் கையாலேயே ஒன்பது வருடம் கவனத்தில் எடுத்து மூடி வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதே கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்காமல், எல்லாக் கையும் உயர்ந்து நிறைவேறும் தீர்மானம் ஒன்று உண்டு. அறிக்கையில் அது எப்போதும் ஏழாவது. 'மேற்படி பிரதேசத்திலுள்ள சகல கால்நடைகளும் குறித்த திகதிக்கு முன்னர் எல்லைக்கு அப்பால் அகற்றப்படல் வேண்டும்.' வேளாண்மைக்குள் மாடு இறங்கக்கூடாது என்பதில் யாருக்குத்தான் மறுப்பு? மாட்டுக்காரனும் கை தூக்குவான். பிறகு மாடு அதன்பாட்டுக்கு இறங்கும்.

வாப்பா மௌத்தான பிறகு வயல் காக்காவின் கைக்கு வந்தது. கூட்டத்தில் எழும்புகிற பொறுப்பும் கூடவே வந்தது. போன வருடம் பகல் இடைவேளை நேரத்தில் காக்கா தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, உன்ட வேலையில எல்லா நாடும் ஒண்டா இரிந்து தண்ணியப் பத்திக் கதைக்கிற எண்டு சொன்னாதானே. அதுல நம்மட விசயத்த ஒருக்கா எழுதிப் போடன்."

"காக்கா, அது சந்திரன்ட தண்ணி."

"எங்கத்தத் தண்ணியெண்டாலும் தண்ணிதான? கடைசி வயலுக்கு முதல் தண்ணி எண்டு உலகமே ஒத்துக்கிட்ட தாளொண்டு இரிந்தா, அதக் கொண்டுபோய்க் கூட்டத்துல வெச்சிருவன். விதானை என்ன கதைக்கப் போறான்?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கதை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

4

போன வருட மே மாதக் கூட்டத்தின் இரண்டாம் நாள். எங்கள் பிரிவுத் தலைவி றெகுலா பல் பிடுங்கப் போயிருந்தாள். கூட்டத் தலைவர் ஆவண அறைக்கு நேரே வந்துவிட்டார். எதற்கும் குரல் உயர்த்தாத வயதான ராஜதந்திரி அவர்.

"மிஸ்றியா, பகல் இரண்டரைக்கு எனக்கு ஒரு மாதிரி வரைவு வேண்டும். தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவது எப்படி என்று. என்ன எழுதினாலும் பரவாயில்லை. வெறும் தாளை வைத்துப் பேசவிட்டால் வெறும் தாளுக்கே ஆட்சேபனை சொல்வார்கள்."

"என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது" என்றேன்.

நொச்சியடி வட்டையை எடுத்துச் சந்திரனில் விரித்தேன். வாய்க்கால் துப்புரவாக்குவது பழைய விண்கலக் குப்பைகளை அகற்றுவதாயிற்று. தண்ணீர் திறக்கும் திகதி பனி அகழும் திகதி. விதைப்பின் கடைசித் திகதி தரையிறங்கும் கடைசித் திகதி. வேலி பாதுகாப்பு வலயம். விதைநெல் ஒதுக்குவது போல், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பங்கு பனியைப் பிந்தி வருகிறவர்களுக்காகத் தொடாமல் விட வேண்டும் என்று ஐந்தாவது. ஆறாவதில் வாப்பாவை எழுப்பி நிறுத்தினேன். 'முதல் முறை, கடைசியில் இருப்பவருக்கு.' அதாவது ரொக்கட் இல்லாத, பிந்தி வரப்போகிற சிறிய நாடுகளுக்கு. இந்த முறை கவனத்தில் எடுக்கப்பட்டது என்று அடிக்கப்போவது நானல்ல.

ஆறாவதில் மனம் போனதால் ஏழாவதை விரல்கள் தம்பாட்டில் அடித்துவிட்டன. ஆறு முடிந்தால் ஏழு வரும் என்பது விரல்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் ஆறு மொழியிலும் பெயர்த்தார்கள். சபையில் இருந்த நாற்பத்தொரு மேசைகளிலும் பங்கிட்ட பிறகுதான் ஒரு பிரதியை எடுத்து வாசித்தேன்.

'சகல கால்நடைகளும் குறித்த திகதிக்கு முன்னர் எல்லைக்கு அப்பால் அகற்றப்படல் வேண்டும்.'

பின் வரிசையில் இருந்து 'யா அல்லாஹ்' என்று சொல்லிக்கொண்டு, யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாராவது சிரித்தால் எழும்பி மன்னிப்புக் கேட்டு அந்த வரியை வெட்டிவிடலாம்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

5

முதலில் பேசிய நாடு ஏழாம் வாசகத்தை வரவேற்றது. எனினும் 'கால்நடை' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் வேண்டும் என்றது. நான்கு காலில் நடக்கும் தங்கள் ஆய்வு இயந்திரம் அதற்குள் அடங்குமா? ஆறு காலில் நடக்கும் இயந்திரம் வைத்திருந்த நாடு உடனே எழும்பி, நான்கு கால் மட்டும்தான் அடங்கும் என்பது தங்கள் நீண்டகால நிலைப்பாடு என்றது. ஏழாம் வாசகம் பிறந்து அப்போது நாற்பது நிமிடம்.

அகற்றும் கடமையை ஏற்றால், கொண்டுபோகும் உரிமை இருந்ததாக ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். அப்படியொரு உரிமை இருந்தால் அதைத் தாங்கள் கைவிடவில்லை என்று இன்னொருவர் பதிவு செய்தார். அகற்றுவது என்றால் எங்கே, பூமிக்கா, சந்திரனின் வேறு பக்கத்துக்கா என்று ஒரு சட்ட நிபுணர் கேட்டார். நல்ல கேள்வி. ஊரில் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அரை நாள் விவாதித்து, 'அகற்றப்படும் இடம் பின்னர் தீர்மானிக்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொருவரும், மாட்டைப் பற்றித் தனக்குத் தெரியாத ஏதோ ஒரு இரகசியம் மற்றவருக்குத் தெரியும் என்று பயந்தார்கள். விளங்கவில்லை என்று சொல்ல எந்த நாட்டுக்கும் அனுமதி இல்லை.

ஆறாம் வாசகம் எல்லோருக்கும் விளங்கியது. அதுதான் அதன் கேடு. கடலே இல்லாத ஒரு சிறிய நாட்டிலிருந்து வந்திருந்த பெண் பிரதிநிதி மட்டும், காதுக்குழாயைக் கழற்றிவைத்துவிட்டு, "இதைத்தான் நாங்கள் இத்தனை வருடமாகக் கேட்கிறோம்" என்றார். பெரிய நாடுகள் ஒவ்வொன்றாக, மிக உயர்ந்த கருத்து, மிக அழகான கருத்து, எனினும் என்று தொடங்கின. அந்த 'எனினும்' கேட்டதும் எனக்குக் கச்சேரி மணத்தது. வாசகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். அடைப்புக்குறி என்றால் இன்னும் உடன்பாடில்லை என்று அர்த்தம். பிறகு அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறி. நான்காம் நாள் உள்ளே 'இருப்பவருக்கு' என்ற ஒரு சொல் மட்டும் எஞ்சியது. அதையும் வெட்டினார்கள்.

மூன்றாம் நாளே நான் றெகுலாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தேன். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆக, மாடு உன் பிழை."

"ஓம்."

"நேற்றே சொல்லியிருந்தால் பிழை. இன்றைக்குப் பதினேழு நாடுகள் அதற்கு ஆதரவாகப் பேசிவிட்டன. இனி அது பிழையில்லை, நிலைப்பாடு. நீ வாயைத் திறக்காதே."

கடைசி நாள், குப்பை போயிற்று, வேலி போயிற்று, விதைநெல் போயிற்று, வாப்பா போனார். எஞ்சியது ஏழு மட்டும். தலைவர் ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். சந்திரனில் மாடு வைத்திருப்பவர் யாரும் இல்லை. சுத்தியலால் தட்டினார். சந்திரனைப் பற்றி இத்தனை வருடத்தில் அந்தச் சபை ஒருமனதாக ஒப்புக்கொண்ட முதல் விசயம் அது. சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண் துடைத்தார்.

6

முத்திரை பதித்த அந்தத் தாளைக் காக்காவுக்கு அனுப்பி, "மன்னிச்சுக்கோங்க காக்கா, நம்மட வரி போயிட்டு, மாடுதான் மிஞ்சின" என்று எழுதினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளைக் கண்ணாடி போட்டு வைத்துவிட்டார்.

பத்து மாதம் கழித்து, இந்த மார்ச் மாதம், சிறுபோகக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறார். தண்ணீர்ப் பேச்சு வந்தபோது எழும்பி வழமைபோல் கேட்டிருக்கிறார். வழமைபோல் கவனத்தில் எடுத்திருக்கிறார்கள். ஏழாவது வந்ததும் கண்ணாடி போட்ட தாளை மேசையில் வைத்திருக்கிறார். ஆறு மொழி, தங்க நிற முத்திரை, நாற்பத்தொரு நாடுகளின் பெயர். மேசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் விளங்கவில்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏழாம் தீர்மானத்தின் தலையில், 'சர்வதேச ஏற்பாட்டுக்கும் அதன் பின்னிணைப்புகளுக்கும் அமைய' என்று ஒரு வரி ஏறிவிட்டது.

"தங்கச்சி, இந்த முற மாட்ட அகத்தத்தான் போறாங்க போல" என்றார் காக்கா. "விதானைக்குப் பயம் புடிச்சிட்டு. அவன்டயே எம்பது மாடு நிக்கி."

"தண்ணி?"

"தண்ணி கவனத்துல இரிக்கி."

7

சென்ற கிழமைக் கேக்குக்கு வருகிறேன். மாட்டின் வால் பக்கத்தில் ஒரு துண்டு எனக்குக் கிடைத்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் காக்கா அனுப்பிய படம் வந்தது.

எங்கள் வயல். வரம்பிலிருந்து வரம்பு வரை மாடு. வெள்ளை, கறுப்பு, சிவலை, கன்று, காளை, கொம்பு முறிந்தது. உழவு காணாத தரையில் பரவிக் கிடந்த புல்லை அவை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தன.

நடைபாதைக்கு ஓடிப்போய்க் கோல் எடுத்தேன்.

"என்ன காக்கா இது?"

"ஒப்பந்தப்படிதான் புள்ள செஞ்சிரிக்காங்க. வட்டையில வேற ஒரு வயல்லயும் இப்ப மாடு இல்ல. எல்லாரும் விதைச்சிட்டாங்க. எங்க அகத்துற எண்டு தாள்ல இல்லதானே. தண்ணி வராத வயல் ஒண்டுதான இரிக்கி, அது எல்லைக்கு அங்கால, அங்க கொண்டு வுடு எண்டு விதானை சொல்லிட்டான்."

அகற்றப்படும் இடம் பின்னர் தீர்மானிக்கப்படும். தீர்மானித்துவிட்டார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் அந்தத் தீர்மானம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறிய ஒரே இடம் என் வாப்பாவின் வயல். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"விதைப்புக்குக் கடைசித் திகதி எப்ப?"

"இன்னும் பத்து நாள். தண்ணி வந்தா ஒரு கிழமையில உழுது விதைச்சிருவன். வராட்டி இந்த முறையோட வுட்டுட்டு கடையப் பாத்துக்கிட்டு இரிக்கப் போறன் தங்கச்சி. வாப்பாவும் ஏலுமானமட்டும் எழும்பினார். நானும் எழும்பிப் பாத்துட்டன்."

காக்கா ஒருநாளும் அப்படிக் கதைத்தவரில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாசலில் மாட்டு மணம். மகள் நுஹா, பதினைந்து வயது, பாடசாலையில் இருந்து ஒரு கிழமை பண்ணை வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். அவளுக்குத் தமிழ் காது வழியாக உள்ளே போகும், வாய் வழியாக வெளியே வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் சொல்வாள். சாய்ந்தமருது அவளுக்கு விடுமுறையில் நுளம்பு கடிக்கிற இடம். படத்தைக் காட்டினேன். மாமாவின் வயல் என்று சொல்லியும், அவள் பார்த்தது மாட்டைத்தான்.

"இவற்றுக்கு யார் தண்ணீர் வைப்பது?" என்று கேட்டாள்.

"தண்ணியா? வயலுக்கே தண்ணி இல்ல."

"அது தப்பு. மாட்டை ஓரிடத்துக்கு மாற்றினால் தண்ணீர் வைத்தே ஆக வேண்டும். அது சட்டம்" என்றாள். பிறகு பண்ணைக் கதை சொன்னாள். தொட்டியைத் திறந்தால் கொம்புள்ள பெரிய மாடுகள் முன்னுக்கு வந்து மறித்துக்கொள்ளுமாம். மெலிந்த ஒன்று எப்போதும் கடைசியில் நின்று, பார்த்துக்கொண்டே இருக்குமாம். அதனால் பண்ணைக்காரர் அந்தக் கடைசி மாட்டைத்தான் முதலில் அவிழ்த்து விடுவாராம். அது குடித்த பிறகு மற்றவை. "அப்படிச் செய்தால் எல்லாவற்றுக்கும் காணும், உம்மா."

என் மகள், ஜெர்மன் மொழியில், சப்பாத்தில் சாணியோடு, வாப்பாவின் பேச்சை வாப்பாவைப் போலவே பேசி முடித்தாள். அவர் மௌத்தாகும்போது அவளுக்கு ஒரு வயது. நான் அவளைப் பிடித்து முகம் முழுக்கக் கொஞ்சினேன். அவள் சங்கடப்பட்டுக்கொண்டு குளிக்கப் போனாள்.

8

அடுத்த நாள் காலை தலைவர் ஆவண அறைக்கு வந்தார். முகத்தில் கவலை.

"இந்த வருடமும் எதையாவது ஒப்புக்கொள்ளாமல் நாடுகள் வீட்டுக்குப் போகக்கூடாது, மிஸ்றியா. ஏழாம் வாசகத்துக்கு ஒரு பின்னிணைப்பு இருந்தால் நல்லது. அகற்றும் இடம் வேண்டாம், அது சிக்கல். வேறு ஏதாவது?"

"தண்ணீர் காட்டுவது" என்றேன்.

"யாருக்கு?"

"மாட்டுக்கு. மாட்டை அகற்றினால் தண்ணீர் காட்ட வேண்டாமா? எந்த நாடு மறுக்கும்?"

"மறுக்காது" என்றார்.

இந்த முறை விரல்களை நம்பவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். 'அகற்றப்பட்ட கால்நடைகள் நிறுத்தப்பட்டுள்ள இடத்துக்கே முதலில் நீர் விடப்படல் வேண்டும். அவ்விடம் நீர்வழியின் கடைசியில் இருப்பினும் இது பொருந்தும். அவ்விடத்தின் தேவை நிறைவாகும்வரை ஏனைய இடங்களுக்கு நீர் திறத்தலாகாது.' றெகுலா வாசித்தாள். சிவப்புப் பேனையை எடுத்தாள், ஒரு காற்புள்ளியைத் திருத்தினாள், கையெழுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை சபைக்கு வந்தது. நான் பின் வரிசையில். போன வருடம் ஆறாம் வாசகத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு நெரித்த அதே நாடு, விலங்குகளின் நலனில் தாங்கள் எப்போதும் முன்னணியில் நிற்பதாகச் சொன்னது. நான்கு கால் இயந்திரக்காரர் தங்கள் இயந்திரம் தண்ணீர் குடிப்பதில்லை என்று பதிவு செய்தார். ஆறு கால்காரர், குடிப்பதில்லை என்றால் அது கால்நடையா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்றார். கடலில்லாத நாட்டுப் பெண் மட்டும் தாளை இரண்டு தரம் வாசித்தார். தலையைத் திருப்பி வரிசை வரிசையாகத் தேடி, என்னில் கண்ணை நிறுத்தினார். பிறகு ஒலிவாங்கியை அழுத்தி, "எமது நாடு மாடுகளை முழுமையாக ஆதரிக்கிறது" என்றார்.

"ஆட்சேபனை உண்டா?"

சந்திரனில் இன்னமும் யாருக்கும் மாடில்லை.

சுத்தியல் தட்டப்பட்டது.

முத்திரை காயும்வரைக்கும் பொறுமையில்லை. படம் எடுத்து, அடியில் தமிழும் எழுதி அனுப்பிவிட்டு நடைபாதையில் நின்று கோல் எடுத்தேன். ஊரில் அஸர் தொழுகை முடிந்திருக்கும்.

"காக்கா, மாடு இன்னும் வயலுக்குள்ளதான் நிக்குதா?"

"நிக்கி. இப்பதான் நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கன், எல்லாத்தையும் அடிச்சுக் காட்டுக்குள்ள திரத்துவம் எண்டு."

"திரத்தாதீங்க காக்கா. தாளொண்டு அனுப்பியிரிக்கன், பாருங்க. பின்னிணைப்பு. மார்ச் மாதக் கூட்டத்துல அவங்களே எழுதி வெச்சதுதானே, பின்னிணைப்புகளுக்கும் அமைய எண்டு. மாடு எங்க நிக்குதோ, முதல் தண்ணி அங்கதான் வரணும்."

அவர் வாசிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக் கூட்டுவது போல. ஒரு முறை முடித்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். பின்னால் மாடுகள் புல் பிடுங்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

பிறகு கோலை வைக்க மறந்து, காக்கா வட்டை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"டேய், கம்பக் கீழ போடுங்கடா! கயித்தக் கொண்டு வாங்க! ஒரு மாடு வரம்பத் தாண்டப்படா!"